டென்ஸும் மாடிஃபையரும்: ஆங்கில இலக்கணக் கேள்விகளில் விடை பிடிக்கும் முறை

கோடிட்ட இடத்தைப் பார்த்ததும் கண் நேராக நான்கு விடைகளுக்குத் தாவிவிடும். மார்க் போவது அங்கேதான். ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் நான்குமே சரி என்று தோன்றும். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். வினைச்சொல்லைக் கேட்டிருந்தால், காலத்தைக் காட்டும் சொல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். மாடிஃபையரை, அதாவது இன்னொரு சொல்லை விளக்கும் அடையைக் கேட்டிருந்தால், அந்த அடை எந்தச் சொல்லுக்கு உரியது என்று தேடுங்கள். அதன்பிறகு விடைகளைத் திறந்து, அவை எதில் வேறுபடுகின்றன என்று பாருங்கள். மூன்று விடைகள் பன்மையாகவும் ஒன்று மட்டும் ஒருமையாகவும் இருந்தால் கேள்வி டென்ஸைப் பற்றியதாகவே இல்லாமல் போகலாம். எழுவாயைக் கண்டுபிடித்தாலே விடை வந்துவிடும்.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் வாசிப்பு, எழுத்துப் பகுதியில் 64 நிமிடத்தில் 54 கேள்விகள், அதாவது ஒன்றுக்குச் சுமார் 70 விநாடிகள். வாசிப்புக் கேள்விகளுக்கு நேரம் மிச்சமாக வேண்டுமானால் இலக்கணக் கேள்விகளை அரை நிமிடத்தில் முடிக்கப் பழக வேண்டும்.

டென்ஸ்: தமிழ்க் காது வழுக்கும் இடங்கள்

"யெஸ்டர்டே", "லாஸ்ட் வீக்", "டூ டேஸ் அகோ", "இன் 2012" போல முடிந்துபோன நேரத்தைச் சுட்டும் சொல் இருந்தால் சிம்பிள் பாஸ்ட்தான். "ஹேஸ்", "ஹேவ்" உள்ள விடையைத் தயங்காமல் அடித்துவிடலாம். ஆனால் "நேற்று வந்திருக்கிறான்" என்பது தமிழில் பிழையே இல்லை. அந்தப் பழக்கத்தில் "ஹீ ஹேஸ் கம் யெஸ்டர்டே" என்ற விடையும் நன்றாகவே ஒலிக்கும். சரியான விடை "ஹீ கேம் யெஸ்டர்டே".

இதற்கு நேர் எதிரான சறுக்கலும் உண்டு. "பத்து வருடமாக இங்கே இருக்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆகவே "ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்ற விடையில் கை தானாகப் போய் நிற்கும். முன்பே தொடங்கி இன்னும் தொடர்வதற்கு ஆங்கிலத்தில் "ஐ ஹேவ் லிவ்ட்" அல்லது "ஐ ஹேவ் பீன் லிவிங்" வேண்டும். "சின்ஸ்" தொடங்கிய புள்ளியையும் "ஃபார்" கால அளவையும் சொல்லும். ஆனால் "ஃபார்" கண்ணில் பட்டாலே "ஹேவ்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். "ஷீ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ் அண்ட் ரிசைன்ட் இன் 2019" என்பதில் வேலை முடிந்துவிட்டது. சிம்பிள் பாஸ்ட்தான் சரி.

"ஹேட்" தேவைப்படுவது, கடந்துபோன இரண்டு நிகழ்ச்சிகளில் முந்தியது எது என்று காட்டத்தான். "பை த டைம் வீ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்": ரயில் கிளம்பியது முதலில், நாம் போனது பிறகு. ஒரே ஒரு நிகழ்ச்சி மட்டும் இருக்கும் வாக்கியத்தில் "ஹேட்" வந்தால் சந்தேகப்படுங்கள். "பை நெக்ஸ்ட் ஜூன்" போல எதிர்காலத்து எல்லை வந்தால் "வில் ஹேவ் ஃபினிஷ்ட்" வகைதான்.

அதிகம் பேர் தடுமாறுவது "வென்", "இஃப்", "அன்டில்" வரும் வாக்கியங்களில். "வென் ஹீ வில் கம், ஐ வில் டெல் ஹிம்" தவறு, "வென் ஹீ கம்ஸ்" சரி. ஆனால் "ஐ டோன்ட் நோ வென் ஹீ வில் கம்" சரி! இந்த வேறுபாட்டுக்குத் தமிழே உரைகல். "வென்" என்பதைத் தமிழில் "வரும்போது" என்று சொல்ல முடிந்தால் அங்கே "வில்" வராது. "எப்போது வருவான்" என்று கேள்வியாகச் சொல்ல முடிந்தால் வரலாம்.

"இஃப்" மட்டும் தனிக் கவனம் கேட்கும், ஏனென்றால் "வந்தால்" என்ற நம் சொல்லில் காலமே இல்லை. வாக்கியத்தின் மறுபாதியைப் பாருங்கள். அங்கே "வில்" இருந்தால் "இஃப்" பக்கம் சிம்பிள் ப்ரெசென்ட், "வுட்" இருந்தால் சிம்பிள் பாஸ்ட், "வுட் ஹேவ்" இருந்தால் "ஹேட்" சேர்ந்த வினை.

மாடிஃபையர்: தமிழ்க் காது கைகொடுக்கும் இடம்

"வாக்கிங் இன்டு த ரூம், த லைட்ஸ் வென்ட் ஆஃப்." இதில் என்ன பிழை? தமிழில் சொல்லிப் பாருங்கள்: "அறைக்குள் நடந்து விளக்கு அணைந்தது." உடனே இடிக்கிறது. "நடந்து" என்ற வினையெச்சத்துக்கும் "அணைந்தது" என்ற முற்றுக்கும் ஒரே வினைமுதல் இருக்க வேண்டும் என்று நம் காதுக்குத் தெரியும். ஆங்கிலத்திலும் அதே சட்டம்தான். காற்புள்ளியில் விரலை வைத்து "நடந்தது யார்?" என்று கேளுங்கள். காற்புள்ளிக்கு அடுத்து வரும் எழுவாய் அதற்குப் பதிலாக இருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். "மழை பெய்து குளம் நிறைந்தது" என்று காரண காரியமாகத் தமிழில் வினைமுதல் மாறலாம்; ஆங்கிலம் அதை ஏற்காது. இன்னொன்று உடைமைப் பெயர்ப் பொறி: "ஹேவிங் வொன் த ரேஸ், மீராஸ் ஃபோட்டோ அப்பியர்ட்..." என்று விடை இருக்கும். மீரா என்ற பெயரைப் பார்த்ததும் திருப்தி வந்துவிடும். ஆனால் எழுவாய் ஃபோட்டோ. பந்தயத்தில் ஜெயித்தது ஃபோட்டோ அல்ல.

"எல்ஒய்" விகுதிக் கேள்விகளில் தமிழை நம்பாதீர்கள். "பூ இனிமையாக மணக்கிறது" என்பதில் உள்ள "ஆக" நம்மை "ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி" பக்கம் தள்ளும். "ஸ்மெல்", "டேஸ்ட்", "ஃபீல்", "லுக்", "சவுண்ட்" வந்தால் அந்த இடத்தில் "இஸ்" போட்டுப் பாருங்கள். "த ஃப்ளவர் இஸ் ஸ்வீட்" பொருள் தருகிறது. எனவே "ஸ்மெல்ஸ் ஸ்வீட்". "ஷீ லுக்ட் கேர்ஃபுலி அட் த மேப்" என்பதில் "இஸ்" பொருந்தாது. அது பார்க்கும் செயல், ஆகவே "கேர்ஃபுலி" சரி. "ஹார்ட்லி" என்றால் கடினமாக அல்ல, கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று பொருள். "லேட்லி" என்றால் தாமதமாக அல்ல, அண்மையில். இரண்டு பொருளை ஒப்பிட்டால் "பெட்டர்", "பிக்கர்" போன்றவை போதும். கூடவே "மோர்" ஒட்டியிருந்தால் அடித்துவிடுங்கள்.

"ஒன்லி" நம் "மட்டும்" போலத்தான், ஆனால் திசை வேறு. "மட்டும்" சொல்லுக்குப் பின்னால் வரும். தேர்வு எதிர்பார்க்கும் ஆங்கிலத்தில் "ஒன்லி" அந்தச் சொல்லுக்கு முன்னால் வரும். "மூன்று கேள்விகளுக்கு மட்டும்" என்றால் "ஹீ ஆன்ஸர்ட் ஒன்லி த்ரீ க்வெஸ்சன்ஸ்".

பயிற்சித் தாளில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், உங்களை இழுத்த தமிழ் வாக்கியத்தை எழுதி வையுங்கள். "ஹேஸ் கம்" தவறுக்குப் பக்கத்தில் "நேற்று வந்திருக்கிறான்" என்று இருக்கட்டும். விதியின் பெயரை எழுதுவதைவிட இது பயன் தரும், ஏனென்றால் தேர்வு அறையில் மனதில் முதலில் ஒலிக்கப்போவது அந்தத் தமிழ் வாக்கியம்தான்.