எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்களின் மாநாட்டில் முதல் அமர்வை நடத்துவது எப்படி?

பள்ளிகளில் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான தொழில்முறை மாநாடுகளுக்கு ஆண்டுதோறும் சென்று, குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பும் ஆசிரியர்களில் பலர், தாமே ஓர் அமர்வை நடத்தலாம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. புதிதாகச் சொல்லத் தம்மிடம் ஒன்றும் இல்லை என்ற தயக்கமே அதற்குக் காரணம். அந்தத் தயக்கம் தேவையற்றது. 1974இல் அமெரிக்கக் கல்வியாளர் ஜேம்ஸ் கிரே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தொடங்கிய எழுத்துப் பயிற்சித் திட்டம், வகுப்பறை ஆசிரியர்களே பிற ஆசிரியர்களுக்குக் கற்பிக்கத் தகுதியானவர்கள் என்ற நம்பிக்கையின்மீது எழுந்தது. எழுதக் கற்பிப்பவர் தாமும் எழுத வேண்டும் என்பது அதன் மற்றொரு தூண். அமெரிக்காவில் நாடளாவிய அமைப்பாகப் பின்னர் வளர்ந்த அத்திட்டத்தின் இவ்விரு கொள்கைகளையும் மனத்தில் கொண்டால், முதல் அமர்வைத் திட்டமிடுவது எளிதாகும்.

படி 1: ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

‘படைப்பாற்றலை வளர்த்தல்’, ‘எழுத்துத் திறன் மேம்பாடு’ போன்ற அகன்ற தலைப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் வகுப்பில் திரும்பத் திரும்ப எழும் ஒரு சிக்கலைக் கேள்வியாக எழுதிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ‘கட்டுரையின் ஓரத்தில் நான் எழுதும் குறிப்புகளைப் படித்த பிறகும் மாணவர்கள் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்துவது ஏன்?’ என்பது நல்ல கேள்வி. எழுதக் கற்பிக்கும் எவரும் இதைத் தம் வகுப்பிலேயே கண்டிருப்பார். ஆகவே அமர்வுக்கு வருபவர் ஏற்கெனவே பாதி ஆர்வத்தோடு வருவார்.

இக்கேள்வி ஆய்வாளர்களையும் ஈர்த்த ஒன்று. 1980இல் எழுத்துக் கல்வி ஆய்வாளர் நான்சி சோமர்ஸ் வெளியிட்ட ஆய்வில், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த 20 மாணவர்களும் அனுபவம் மிக்க 20 எழுத்தாளர்களும் தம் வரைவுகளை எவ்வாறு திருத்துகிறார்கள் என்று ஒப்பிடப்பட்டது. மாணவர்கள் திருத்தத்தைச் சொற்களை மாற்றும் வேலையாகவே கருதினார்கள். அனுபவசாலிகளோ தம் வாதத்தின் வடிவத்தையே தேடினார்கள். இத்தகைய ஓர் ஆய்வை மட்டும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆய்வுகளை அடுக்கினால் உங்கள் வகுப்பறை மறைந்துவிடும்.

படி 2: மாணவர்களின் வரைவுகளைத் திரட்டுங்கள்

என் பார்வையில், அமர்வின் தரத்தை முடிவு செய்வது இந்தப் படிதான். ஆசிரியர் சொல்லும் முறையைவிட, ஒரு மாணவரின் முதல் வரைவையும் இரண்டாம் வரைவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, வந்திருப்போருக்கு அதிகம் கற்றுத் தரும்.

ஒரு மாணவர், ‘மழை பெய்தது. நாங்கள் ஓடினோம்.’ என்று எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். ஆசிரியர் ஓரத்தில் ‘விரிவாக எழுது’ என்று குறித்தால், அடுத்த வரைவில் ‘மழை’ என்பது ‘கனமழை’ ஆகிறது. வேறு மாற்றம் இல்லை. அதே இடத்தில், ‘ஓடும்போது உன் கண்ணில் முதலில் பட்டது எது? உன்னோடு ஓடியவர் என்ன சொன்னார்?’ என்று கேட்டால், மாணவர் நினைவுக்குள் திரும்பிச் சென்று புதிய வாக்கியங்களோடு வரும் வாய்ப்பு கூடுகிறது. குறிப்பின் வடிவம் மாறும்போது திருத்தத்தின் இயல்பும் மாறக்கூடும் என்பதை இத்தகைய ஓர் இணை காட்டிவிடும்.

எத்தனை மாணவர்களின் எழுத்து வேண்டும் என்று தொடக்கநிலையில் பலரும் கவலைப்படுவதுண்டு. மாணவர்கள் எழுதும்போது அவர்கள் மனத்தில் நிகழ்வதை ஆராய்ந்து ஜேனட் எமிக் 1971இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை மட்டுமே கொண்டிருந்தது. எழுதும்போது நினைப்பதை வாய்விட்டுச் சொல்லும்படி அவர் அவர்களைக் கேட்டுக்கொண்டார். ஆகவே மூன்று அல்லது நான்கு மாணவர்களின் வரைவுகள் உங்கள் அமர்வுக்குப் போதும். ஆனால் சிறப்பாக எழுதுபவரின் தாள்களை மட்டும் எடுக்காதீர்கள். உங்கள் முறை பலிக்காத ஒரு வரைவும் அவற்றில் இருக்கட்டும். அதைப் பற்றித்தான் சக ஆசிரியர்கள் ஆழமாகப் பேசுவார்கள்.

வரைவுகளைப் பயன்படுத்துவதற்கு முன் மாணவரிடமும் பெற்றோரிடமும் பள்ளி நிர்வாகத்திடமும் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. குடும்பச் சூழல், நோய், ஊர் ஆகியவை வழியாகவும் ஒரு குழந்தை அடையாளம் காணப்படலாம். ஐயம் எழுந்தால் அந்தத் தாளை விட்டுவிடுங்கள்.

படி 3: முன்மொழிவை எழுதுங்கள்

அமர்வு நடத்த விரும்புவோர் மாநாட்டு அமைப்பாளர்களுக்கு அனுப்பும் விண்ணப்பமே முன்மொழிவு. மாநாட்டு அறிவிப்பில் கேட்கப்பட்டுள்ள சொல்வரம்பையும் கடைசி நாளையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பாய்வாளர்களுக்கு எழுதியவர் யார் என்று தெரியாதபடி பல மாநாடுகள் முன்மொழிவுகளை அனுப்புவதால், விளக்கப் பகுதியில் உங்கள் பெயரோ பள்ளியின் பெயரோ வரக்கூடாது. சிக்கல் என்ன, உங்கள் வகுப்பில் என்ன செய்தீர்கள், எதைச் சான்றாகக் காட்டப்போகிறீர்கள், பங்கேற்பாளர்கள் அமர்வில் என்ன செய்வார்கள் ஆகிய நான்கையும் இந்த வரிசையிலேயே எழுதினால் படிப்பவருக்குத் தெளிவாக இருக்கும். நான்காவதை விட்டுவிடுவோர் பலர். ‘கலந்துரையாடல் நடைபெறும்’ என்று எழுதாமல், ‘பங்கேற்பாளர்கள் ஒரு வரைவைப் படித்து, அதற்கு இரண்டு வகைக் குறிப்புகளை எழுதி ஒப்பிடுவார்கள்’ என்று எழுதுங்கள்.

எந்த வகுப்பு நிலைக்குரியது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

படி 4: நிமிடங்களைப் பங்கிடுங்கள்

அமர்வுக்கு 60 நிமிடங்கள் கிடைத்தால், உங்கள் அறிமுகத்துக்கு 5 நிமிடங்களுக்கு மேல் ஒதுக்க வேண்டாம். அடுத்த 10 நிமிடங்கள் அனைவரும் எழுதட்டும்: தாம் பள்ளியில் படித்த காலத்தில் தம் கட்டுரைக்குக் கிடைத்த ஒரு குறிப்பையும், அதைப் படித்தபின் என்ன செய்தார்கள் என்பதையும் எழுதச் சொல்லலாம். நீங்களும் அவர்களோடு அமர்ந்து எழுதுங்கள். அறையைச் சுற்றி நடந்துகொண்டிருக்காதீர்கள். நேரம் போதவில்லை என்று இந்தப் பகுதியை வெட்டிவிடும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள், ஏனெனில் தாம் எழுதியதைப் பிறர் முன் வைக்கும் கூச்சத்தை ஆசிரியர் தாமே உணர்ந்த பிறகுதான், மாணவரின் தாளை அவர் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்குவார்.

பிறகு 20 நிமிடங்கள் சிறு குழுக்களாக வரைவுகளைப் படித்துக் குறிப்பெழுதவும், 10 நிமிடங்கள் மாணவர் உண்மையில் எழுதிய இரண்டாம் வரைவைக் காட்டிப் பேசவும், எஞ்சிய 15 நிமிடங்கள் கேள்விகளுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் வரைவை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டால் குழு வேலை பொருளற்றுப் போகும். தனித் தாளாக வைத்திருங்கள்.

படி 5: ஒத்திகையும் அமர்வு நாளும்

சக ஆசிரியர் இருவரை அழைத்து ஒருமுறை நடத்திப் பாருங்கள். திரையில் காட்டும் மாணவர் எழுத்து கடைசி வரிசைக்கும் தெரிகிறதா என்பதைச் சோதியுங்கள். கையெழுத்துத் தாள்கள் திரையில் மங்கலாகத் தெரியும் என்பதால் அச்சு நகல்களும் தேவை.

கேள்வி நேரத்தில், ‘அறுபது மாணவர் உள்ள வகுப்பில் இது நடக்குமா?’ என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். அதற்கு உங்களிடம் நேர்மையான விடை இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் அல்லாமல் சுழற்சி முறையில் சிலருக்கு மட்டும் விரிவான கேள்விகளை எழுதுவதும், ஒரு தாளுக்கு ஒரே கேள்வி என்று வரையறுத்துக்கொள்வதும் செய்யக்கூடியவை. முயன்று பார்க்காத ஒன்றை முயன்றதாகச் சொல்ல வேண்டாம்.

அமர்வு முடியும்முன், அடுத்த வாரம் தம் வகுப்பில் மாற்றிப் பார்க்கப்போகும் ஒரு குறிப்பை ஒவ்வொருவரும் சிறு தாளில் எழுதி எடுத்துச்செல்லச் சொல்லுங்கள். விரும்புவோர் தம் முகவரியை விட்டுச்சென்றால், மாற்றிய பின் கிடைத்த வரைவுகளைப் பரிமாறிக்கொள்ளலாம். அடுத்த மாநாட்டுக்கு இருவர் சேர்ந்து முன்மொழிவு அனுப்பும் வாய்ப்பு பெரும்பாலும் அந்தப் பரிமாற்றத்தில்தான் பிறக்கிறது.