ராக் பாடகர் போட்டியைக் கேட்டு விமர்சிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் கோயில் திருவிழா மேடைப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நம் காதுகள் சுருதி விலகலை உடனே கண்டுகொள்ளும். ஆனால் தொலைக்காட்சி ராக் போட்டியை மதிப்பிட அது மட்டும் போதாது. போட்டி எதற்காக நடக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். 2005இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான 'ராக் ஸ்டார்: இன்எக்ஸ்எஸ்' நிகழ்ச்சி, 1997இல் பாடகர் மைக்கேல் ஹட்சன்ஸை இழந்த இன்எக்ஸ்எஸ் என்ற ஆஸ்திரேலிய ராக் இசைக்குழுவுக்குப் புதிய பாடகரைத் தேடியது, ஆகவே அங்கே இனிய குரலைவிட, அக்குழுவோடு பொருந்தி மேடையை ஆளும் திறனே முதன்மையானது. கனடாவைச் சேர்ந்த ஜே. டி. ஃபார்ச்சூன் வென்றார்.

பாடலை ஒருமுறை திரையைப் பாராமல் கேளுங்கள். ராக்கில் கரகரப்பு குறையன்று. ஆனால் அது வயிற்றிலிருந்து எழும் மூச்சின் துணையுடன் வருகிறதா, தொண்டையை இறுக்குவதால் வருகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் தொண்டையை இறுக்கிப் பாடுபவரின் குரல் பாட்டின் இறுதிப் பகுதியில் உச்ச சுரங்களைத் தொடும்போது பெரும்பாலும் மெலிந்தோ பிசிறடித்தோ போகும். சரணத்தை அடக்கிப் பாடத் தெரிந்தவருக்கே பல்லவியில் முழங்கும் உரிமை உண்டு என்பது என் உறுதியான கருத்து. டிரம்ஸின் தாளத்தை முந்துகிறாரா என்றும் பாருங்கள்.

உடை, தலைமுடி பற்றி ஒரு வரி போதும். ஒலிவாங்கியின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் சொற்கள் மங்கும் என்பதால் அதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். "நன்றாக இல்லை" என்று முடித்துவிடாமல், எந்த அடியில், எந்தச் சொல்லில் குரல் விலகியது என்று எழுதுங்கள். மூலப் பாடகரோடு ஒப்பிடும்போது, போட்டியாளர் எதை மாற்றினார், அம்மாற்றம் பாடலுக்கு என்ன செய்தது என்பதையும் சொல்லுங்கள்.