பூங்கா எப்படி இருக்க வேண்டும்? இணைய வரைபடம் மூலம் மக்களிடம் கேட்கும் வழி

நகரத்தில் ஒரு காலி நிலம் பூங்காவாகப் போகிறது என்றால், பல நேரம் திட்ட வரைபடம் முதலில் தயாராகிவிடும்; மக்களிடம் கருத்துக் கேட்பது அப்புறம்தான். அந்தக் கூட்டத்துக்கும் வேலைக்குப் போகிறவர் வர முடியாது, கைக்குழந்தை வைத்திருப்பவர் வர முடியாது. பள்ளிப் பிள்ளைகளை யாரும் கூப்பிடுவதே இல்லை. இணைய வரைபடத்தில் அவரவர் தமக்கு வசதியான நேரத்தில், கைபேசியிலேயே "இந்த இடம்தான்" என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

இதைச் செய்ய நீங்கள் கணினி நிபுணராக இருக்க வேண்டியதில்லை. பதில்களைச் சேகரிக்க கோபோ டூல்பாக்ஸ், சேர்ந்ததை எல்லோருக்கும் காட்ட யூமேப். இந்த இரண்டு இணையக் கருவிகளும் போதும். இரண்டையுமே இலவசமாகத் தொடங்கலாம்.

முதல் படி: எது மாறக்கூடும்?

நிலத்துக்குப் பொறுப்பான அலுவலகத்தில் முதலில் பேசுங்கள். எல்லை மாறுமா, நுழைவாயில் மாறுமா, எந்த மரங்களை வெட்டக் கூடாது, பணம் எவ்வளவு இருக்கிறது? ஏற்கெனவே முடிவாகிவிட்டதை மக்களிடம் கேட்காதீர்கள். "இவை முடிவாகிவிட்டன, இவை உங்கள் கையில்" என்று படிவத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாம் படி: கேள்விகள்

இந்த வேலை நல்லபடியாக முடியுமா என்பது பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. ஆனால் அவசரத்தில் பலரும் ஓடிக் கடப்பதும் இதைத்தான். "பூங்காவில் என்ன வேண்டும்?" என்று கேட்டால் ஊஞ்சல், நடைபாதை, இருக்கை என்றுதான் பதில் வரும். அதற்கு வரைபடமே தேவையில்லை. இடத்தைப் பற்றிக் கேளுங்கள். வெயில் நேரத்தில் எங்கே ஒதுங்கி நிற்கிறீர்கள்? இருட்டிய பிறகு எந்தப் பக்கம் போகத் தயங்குகிறீர்கள்? மழை பெய்தால் எங்கே தண்ணீர் தேங்குகிறது? எந்த மரத்தை இழக்க மனம் வராது? இவற்றுக்கான பதில் அங்கே தினமும் நடக்கிறவர்களிடம்தான் இருக்கிறது. எந்த அளவைப் படத்திலும் கிடைக்காது.

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சின்கி 2013இல் தன் பெருந்திட்டத்துக்காக (நகரம் எப்படி வளர வேண்டும் என்ற நீண்ட காலத் திட்டம்) இப்படி வரைபடத்தில் கேட்டது. புதிய வீடுகள் எங்கே வரலாம் என்று கேட்டதோடு, தனித்தன்மையுள்ள இயற்கை எங்கே இருக்கிறது என்றும் கேட்டார்கள். 3,700க்கும் மேற்பட்டோர் சுமார் 33,000 இடங்களைக் குறித்தார்கள். ஒருவருக்குச் சராசரியாக ஒன்பது குறிகள்! கேள்வி தன் வாழ்க்கையைத் தொட்டால் மனிதர்கள் நேரம் ஒதுக்குவார்கள்.

தொடக்கத்துக்கு மூன்று கேள்விகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு புள்ளிக்கும் "ஏன்?" என்று எழுத ஓர் இடம் கண்டிப்பாக வேண்டும். காரணம் இல்லாத புள்ளியை வைத்து யாராலும் எதையும் வடிவமைக்க முடியாது. வயதுப் பிரிவும் பாலினமும் கேளுங்கள். பெயர், தொலைபேசி எண், வீடு இருக்கும் இடம் எதுவும் வேண்டாம்.

மூன்றாம் படி: படிவம்

கோபோவில் கணக்குத் தொடங்கி, புதிய படிவத்தில் "புள்ளி" வகைக் கேள்வி ஒன்றைச் சேருங்கள். அதன் கீழே, அந்த இடத்தைப் பற்றி என்ன சொல்ல வருகிறார் என்பதற்குத் தெரிவுகள், அப்புறம் "ஏன்?". ஒரு முறை அனுப்பினால் ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே படிவத்தில் பல இடங்களைக் குறிக்கவும் வழி உண்டு, ஆனால் பின்னால் தரவைப் பிரிப்பது புதியவர்களுக்குச் சிரமம்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல் பதில் அனுப்பலாம் என்ற அனுமதியை இயக்குங்கள். மறந்தால் இணைப்பைத் திறப்பவர்களிடம் கடவுச்சொல் கேட்கும், அவர்களும் அப்படியே மூடிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாவது, கைபேசி தான் இருக்கும் இடத்தைத் தானாகவே குறித்துக்கொள்ளக்கூடும். வீட்டில் உட்கார்ந்து பதில் சொன்னால் புள்ளி வீட்டின் மேல் விழும். பதிலும் தவறு, அந்தரங்கமும் போச்சு. "வரைபடத்தை நகர்த்தி, நீங்கள் சொல்லும் இடத்தைத் தொடுங்கள்" என்று கேள்விக்குள்ளேயே எழுதுங்கள். பிறகு வெவ்வேறு வயதுள்ள ஐந்து பேரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அதைத் திருத்துங்கள்.

நான்காம் படி: இணையத்துக்கு வராதவர்கள்

இணைப்பை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், ஏற்கெனவே குரல் உள்ளவர்களின் குரல்தான் இன்னும் உரக்கக் கேட்கும். பெரிய தாளில் வரைபடத்தை அச்சிட்டு, வண்ண ஒட்டிகளோடு அந்த இடத்துக்கே போங்கள். காலையில் ஒரு நாள், மாலையில் ஒரு நாள், விடுமுறையில் ஒரு நாள். காலை நடைக்கு வருகிறவர் வேறு, மாலையில் விளையாட வருகிற பிள்ளை வேறு. அவர்கள் சொல்வதை நீங்களே அதே படிவத்தில் ஏற்றுங்கள். "தாள் வழியாக வந்தது" என்று ஒரு குறிப்பும் சேருங்கள்.

ஐந்தாம் படி: வரைபடத்தில் ஏற்றுதல்

கோபோவிலிருந்து தரவைச் சிஎஸ்வி (CSV) என்ற எளிய அட்டவணைக் கோப்பாக இறக்குங்கள். அட்சரேகை, தீர்க்கரேகைப் பத்திகளின் தலைப்புகளை ஆங்கில எழுத்துகளில் முறையே எல்-ஏ-டி (lat), எல்-ஓ-என் (lon) என்று மாற்றினால் யூமேப் புரிந்துகொள்ளும். காரணங்களில் யாராவது ஆளின் பெயரோ வீட்டு அடையாளமோ இருந்தால் ஏற்றும் முன்பே நீக்குங்கள். யூமேப்பில் கணக்கு இல்லாமல் வரைபடம் தொடங்கினால் திருத்துவதற்கென்று ஒரு தனி இணைப்பு கிடைக்கும். அதை வெளியே கொடுக்காதீர்கள். கையில் உள்ள எவரும் எல்லாவற்றையும் அழித்துவிடலாம்.

ஆறாம் படி: புள்ளிகளைப் படித்தல்

யூமேப்பில் உங்கள் புள்ளிகள் இருக்கும் அடுக்கின் (லேயர்) வகையை வெப்ப வரைபடமாக மாற்றினால் புள்ளிகள் குவிந்த இடம் சிவந்து தெரியும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதை வாக்கு எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஆள் பத்துப் புள்ளி வைத்திருக்கலாம். வெறுமையாகத் தெரியும் பகுதியில் குறை இல்லை என்றும் அர்த்தம் இல்லை, அங்கே உள்ளவர்களை நாம் போய்ச் சேரவில்லை என்பதாகவும் இருக்கலாம். வயது, பாலினம் வாரியாகத் தனித்தனி அடுக்குகள் போட்டுப் பாருங்கள். ஒரு மூலையை ஆண்கள் "அமைதியான இடம்" என்று குறித்து, அதையே பெண்கள் "தவிர்க்கும் இடம்" என்று குறித்திருந்தால், எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் முதலில் பேச வேண்டியது அந்த மூலையைப் பற்றித்தான்.

தூரத்தையும் பாருங்கள். நகர மரங்களை ஆராயும் அறிஞர் செசில் கொனைனென்டைக் 2021இல் முன்வைத்த 3-30-300 விதி பிரபலமானது: வீட்டிலிருந்து மூன்று மரங்களாவது கண்ணில் பட வேண்டும், அக்கம்பக்கத்தில் 30 சதவீதம் மர நிழல், 300 மீட்டருக்குள் ஒரு பசுமை வெளி. அந்த 300 மீட்டரை வட்டம் போட்டு அளக்காமல் நடந்து அளந்து பாருங்கள். நடுவில் ஒரு மதிலோ அகலச் சாலையோ இருந்தால் வட்டம் உண்மையைச் சொல்லாது.

ஏழாம் படி: திருப்பிக் காட்டுதல்

முடிவுகள் வந்ததும் அதே வரைபடத்தில் மூன்று நிறங்களில் ஓர் அடுக்கு போடுங்கள்: ஏற்றது, ஏற்காதது, இன்னும் பேச்சில் இருப்பது. ஏற்காத ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். தாளில் ஒட்டி வைத்தவர்களுக்காக அதையும் அச்சிட்டு, நீங்கள் நின்று கேட்ட அதே இடத்தில் ஒட்டுங்கள்.