"சிறுத்தையைக் காட்டினால் மேல்காசு" என்று சொல்லாதீர்கள்: இலங்கையில் சபாரி போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யால தேசியப் பூங்காவுக்கு நான் முதல் தடவை போனது ஒரு ஜூன் மாதம். திஸ்ஸமகாராமவில் விடிய நாலரைக்கு ஜீப்பில் ஏறும்போதே சாரதியிடம், "தம்பி, சிறுத்தையைக் காட்டினால் பேசின காசுக்கு மேலே தருவன்" என்று சொல்லிவிட்டேன். பெரிய கெட்டித்தனம் என்ற நினைப்பு. அன்றைய நாளைக் கெடுத்தது அந்த ஒரு வசனம்தான்.

அதற்குப் பிறகு அவர் காட்டைப் பார்க்கவே இல்லை, போனைத்தான் பார்த்தார். எங்கோ இன்னொரு ஜீப்காரர் சிறுத்தையைக் கண்டதாகச் செய்தி வந்ததும் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. பின்சீற்றில் இருந்த தங்கச்சியின் மகன், "மாமா, அந்த மரத்தில கறுப்பா என்னவோ இருக்கு" என்றான். "பிறகு பாப்பம், இறுக்கிப் பிடி" என்றேன். போய்ச் சேர்ந்த இடத்தில் முப்பது ஜீப்பாவது ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றிருக்கும். ஒருவர் பின்னால் எடுக்க, மற்றவர் மூக்கை நுழைக்க, டீசல் புகையில் எல்லோரும் இருமிக்கொண்டிருந்தோம். இரண்டு ஜீப்புக்கு நடுவே, பற்றைக்குள் மறையும் வாலின் நுனி எனக்குத் தெரிந்தது. அது வாலா, காய்ந்த கொப்பா என்று வீட்டில் இன்றைக்கும் வழக்கு நடக்கிறது.

சாரதியைக் குறை சொல்ல முடியாது. கேட்டதைத்தான் அவர் செய்தார். காசு சிறுத்தைக்குத்தான் என்றால், நின்று நிதானித்துப் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நட்டம்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்குகிறது. சிங்கமும் வேங்கையும் இல்லாத தீவு இது. காட்டில் சிறுத்தைக்கு மேலே ஆள் இல்லை, அதனால் பட்டப்பகலிலும் பாறையில் படுத்திருக்கும், நடுவீதியில் நடக்கும். யாலவின் முதலாம் வலயம், உலகிலேயே சிறுத்தைகள் நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்று. இதையெல்லாம் வாசித்துவிட்டு வருகிறவருக்கு, ரிக்கற் எடுத்தால் சிறுத்தை நிச்சயம் என்று தோன்றிவிடுகிறது. நெருக்கமாக வாழ்கிறது என்றால் காட்சிக்கு நிற்கிறது என்று பொருள் இல்லையே. பகலில் பெரும்பகுதியை அது ஏதாவது ஒரு கொப்பில் கால்களைத் தொங்கவிட்டுத் தூங்கியே கழிக்கும்.

சிறுத்தையைக் காணும் வழி ஓட்டத்தில் இல்லை, காதில்தான் இருக்கிறது. ஒரு நீர்நிலையருகே எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் காடு மறுபடி பேசத் தொடங்கும். மேய்ந்துகொண்டிருக்கும் புள்ளிமான்களில் ஒன்று திடீரென்று தலையைத் தூக்கும். பிறகு எல்லாத் தலைகளும் ஒரே திசைக்குத் திரும்பும். முன்னங்காலால் ஒன்று நிலத்தைத் தட்டும், வால் மேலெழும், கூர்மையாக ஒரு கத்தல் வரும். மரத்தில் மந்தி இருமுவதுபோலக் குரைக்கும். மரை என்ற பெரிய மான் கத்தினால் இன்னும் நல்லது, அது சும்மா கத்தாது. மான்கள் பார்க்கும் திசையைப் பாருங்கள், மான்களை அல்ல. இப்படிக் கண்டுபிடித்த சிறுத்தை உங்களுடைய சிறுத்தை. போனில் வந்த சிறுத்தை முப்பது ஜீப்புக்கும் பொது.

ஆகவே சாரதியோடு பேசுவதை முதல்நாள் இரவே பேசிவிடுங்கள். "அவசரமில்லை, கூட்டம் கூடுகிற இடம் வேண்டாம், எஞ்சினை நிறுத்திப் பார்ப்போம்." இது போதும். இதைக் கேட்டு முகம் மலர்கிற சாரதிதான் உங்களுக்கு ஏற்றவர்.

அடுத்தது, காட்டின் பெயரை மட்டும் கேட்டுப் புறப்படுவது. சிறுத்தை தேடி உடவளவைக்குப் போய் ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். உடவளவை யானைக்கான இடம். 1972இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பூங்கா 308 சதுர கிலோமீற்றர். நீர்த்தேக்கமும் திறந்த புல்வெளியுமாக இருப்பதால் எந்த மாதம் போனாலும் யானை தெரியும். சிறுத்தை அங்கே கண்ணில் படுவது அபூர்வம். வில்பத்து நேர் எதிர். 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்த, நாட்டின் மிகப்பெரிய தேசியப் பூங்கா. யுத்த காலத்தில் நெடுநாள் மூடிக் கிடந்து 2010இல் மறுபடி திறந்தது. மழைநீர் தேங்கும் 'வில்லு'கள்தான் அதன் அழகு. ஒரு மணித்தியாலம் ஓடியும் ஒரு மான்கூடத் தெரியாமல் போகலாம், பிறகு ஒரு வில்லுக் கரையில் எல்லாம் ஒன்றாக நிற்கும். பொறுமை இல்லாதவர்களை அங்கே கூட்டிப்போகாதீர்கள். வழியெல்லாம் உங்களைத்தான் திட்டுவார்கள்.

யாலவின் முதலாம் வலயத்தை வறட்சி காரணமாகப் பெரும்பாலும் செப்டம்பரில் மூடி ஒக்டோபர் நடுவில்தான் திறப்பார்கள். ஹோட்டலுக்கு முற்பணம் கட்டியபின் இதைத் தெரிந்துகொள்கிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

யானைக் கூட்டம் பார்க்கப் போகும் மின்னேரியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மகாசேன மன்னன் 3ஆம் நூற்றாண்டில் கட்டிய குளம் அது. ஜூலை தொடக்கம் ஒக்டோபர் வரை நீர் வற்ற வற்ற, வெளிப்படும் குளத்தரையில் இளம்புல் முளைக்கிறது. யானைகள் நூற்றுக்கணக்கில் கூடுவது தண்ணீருக்காக மட்டும் அல்ல, அந்தப் புல்லுக்காக. நீர் உயர்ந்து நின்றால் புல் மூழ்கிவிடும், புல் இல்லாவிட்டால் யானையும் இல்லை. மொரகஹகந்தை நீர்த்தேக்கம் வந்தபிறகு, அங்கிருந்து திறந்துவிடும் நீரால் வறட்சிக் காலத்திலும் குளம் நிறைந்து நின்ற ஆண்டுகள் உண்டு. அப்போது யானைகள் பக்கத்திலுள்ள கவுடுல்லைக்கோ ஹுருலு காட்டுக்கோ போய்விடும். ஆகவே பக்கத்து ஊரான ஹபரணையில் ஜீப் பிடிக்கும்போது "மின்னேரியா" என்று சொல்லாதீர்கள். "நேற்றுப் பின்னேரம் யானை எங்கே நின்றது?" என்று கேளுங்கள். காலையில் போகவும் வேண்டாம். கூட்டம் திறந்த வெளிக்கு வருவது பின்னேரத்தில்தான். எல்லா ஆண்யானைக்கும் தந்தம் இருக்கும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டவும் வேண்டாம். இலங்கையில் 100 ஆண்யானைக்கு 10 கூடக் கொம்பன் தேறாது.

யானைக்கு முன்னால் செய்யும் தவறுகள்தான் ஆபத்தானவை. காதை மெதுவாக விசிறிக்கொண்டு மேய்கிற யானை நிம்மதியாக இருக்கிறது. விசிறுவது சட்டென்று நின்று, காது விரிந்தபடியே உறைந்தால், அது உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. தும்பிக்கையால் மண்ணை வாரி எறிவதும், ஒரு காலை முன்னும் பின்னும் ஆட்டுவதும், வால் விறைத்து எழும்புவதும் "போ" என்பதற்கு அது வைத்திருக்கும் சொற்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே எண்ணெய் வடிந்ததுபோல் ஈரக்கோடு தெரிந்தால் மதம் பிடித்த யானை, படம் எடுக்க நிற்கவே கூடாது. குட்டி ஒரு பக்கமும் தாய் மறுபக்கமுமாக நிற்கையில் நடுவே ஜீப்பை விடச் சொல்வதைப் போன்ற மடத்தனம் வேறில்லை. படம் அழகாக வரும் என்று அதையும் கேட்கிறார்கள்.

நம்முடைய ஆட்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. "உகந்தையிலிருந்து குமண, யால எல்லாம் கடந்து கதிர்காமத்துக்கு நடந்தே போன ஆட்கள் நாங்கள், ஜீப்பை விட்டு இறங்கினால் என்ன?" என்பார்கள். பாதயாத்திரைக்காரர் போவது பாதை திறந்துவிடும் நாட்களில், கூட்டமாக, அரோகரா சொல்லிக்கொண்டு. ஜீப் வேறு. ஓயாமல் பார்த்துப் பழகிய விலங்குக்கு ஜீப்பும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்து ஒரே உருவம். ஒருவர் கதவைத் திறந்து காலை வைத்ததும் அந்த உருவம் உடைந்து, அங்கே ஒரு மனிதன் நிற்கிறான். மான் ஓடிவிடும், கரடி ஓடாது. இறங்க அனுமதியுள்ள இடங்கள் குறித்து வைக்கப்பட்டிருக்கின்றன. யாலவில் அது பட்டனங்கல கடற்கரை. 2004 சுனாமியில் அங்கே இறந்தவர்களுக்கு நினைவுச் சின்னமும் இருக்கிறது. அங்கே இறங்கிக் கை கால் நீட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு கொடுப்பது பாவமில்லை, புண்ணியம் என்று நினைக்கிறோம். புத்தளை-கதிர்காமம் வீதியில் வாகனங்களை மறித்து நிற்கும் யானைகளை உருவாக்கியது அந்தப் புண்ணியம்தான். யாலவுக்குள் கெமுனு என்ற கொம்பன், ஜீப்புக்குள் தும்பிக்கையை விட்டுச் சாப்பாடு தேடியே பெயர் எடுத்தது. வாழைப்பழச் சீப்பை மடியில் வைத்திருந்தால் யானைக்கு நீங்களும் ஒரு வாழைமரம்.

மீதியெல்லாம் சின்ன விசயம். கடும் சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம், சென்ற் வேண்டாம். வாயைக் கட்ட ஒரு துணி வேண்டும், புழுதி அப்படி. ஏறுமுன் தேநீரை அளவாகக் குடியுங்கள், உள்ளே நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. பொலித்தீனை வெளியிலேயே விட்டுவிடுங்கள். ட்ரோனுக்குத் தடை. போன் கமராவில் எடுத்த சிறுத்தை எப்படியும் ஒரு மஞ்சள் புள்ளியாகத்தான் வரும், நல்ல பைனாக்குலர் ஒன்றை இரவல் வாங்கிப் போவது மேல்.

அடுத்த ஜூனில் திரும்பப் போனோம். இந்தத் தடவை வயதான ஒரு சாரதி. சிறுத்தையைப் பற்றிப் பேசவில்லை, பாலைப்பழம் பழுத்திருக்கிற மரம் எங்கே என்றுதான் கேட்டேன். சிரித்துக்கொண்டு, வீதியோரம் பெரிய பாலை ஒன்றுக்குக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தினார். அரை மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு இலைகள் விழத் தொடங்கின, காற்று இல்லாமலே. மேலே ஒரு கொப்பு மளுக்கென்று முறிந்தது. சடைமயிர் தொங்க, வெளிறிய மூக்கோடு ஒரு கரடி, முறித்த கொப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பழத்தை உதட்டால் உருவி உருவித் தின்றது. பாலைப்பழம் தின்றவர்களுக்குத் தெரியும், பால் பட்டு உதடு ஒட்டிக்கொள்ளும். அதற்கும் ஒட்டியிருக்க வேண்டும், நடுநடுவே நாக்கை நீட்டி மூக்குவரை நக்கியது.

"போன முறை கண்டது இதைத்தான் மாமா" என்றான் மருமகன், குரலே வராமல்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பழத்தோடு ஒரு சிறு கொப்பு காற்றில் சுழன்று வந்து ஜீப்பின் முன்மூடியில் விழுந்தது. எட்டி எடுக்கப் போனவனைச் சாரதி தலையை மட்டும் ஆட்டித் தடுத்தார்.