புல்லுக்குள் மறைந்த வாய்க்காலைக் கண்டுபிடிப்பது எப்படி?

புல்வெளியில் பழைய பாசன வாய்க்கால் தேடிப் போவதென்றால் பெப்ரவரி, மார்ச்சில் போங்கள். புல் குட்டையாக இருக்க வேண்டும், வெயில் சாய்வாக விழ வேண்டும். மத்தியானத்தில் தட்டையாகத் தெரிகிற அதே நிலம் காலை வெயிலில் மேடும் பள்ளமுமாகத் தெரியும். மெல்லிய பனி கொட்டிய மறுநாள் என்றால் இன்னும் நல்லது. றப்பர் சப்பாத்து கட்டாயம்.

நான் சொல்வது சுவிசில் லாங்கென்தாலைச் சுற்றியுள்ள லாங்கெத்தே, றோத் ஆறுகளின் பள்ளத்தாக்குகளை. ஆற்றை மறித்து, வாய்க்காலில் திருப்பி, புல்லின் மேல் பரவலாகப் பாயவிட்ட நிலங்கள் இங்கே உண்டு. வெஸ்ஸர்மத்தன் என்பார்கள். 1194இல் நிறுவப்பட்ட சாங்க்ட் ஊர்பான் மடத்தின் சிஸ்டேர்சியன் என்ற கத்தோலிக்க சபைத் துறவிகளுக்கு இதில் பெரிய பங்கு. மழைக்குக் குறைவில்லாத இடத்தில் புல்லுக்கு எதற்கு இத்தனை தண்ணீர்? முக்கியமாக வண்டலுக்காக. ரசாயன உரம் வருமுன் ஆற்றுநீர் கொண்டுவந்த சேறுதான் புல்லுக்கு உரம். இது பிடிபட்டால் தடயம் தேடுவது சுலபம்.

புறப்படுமுன் சுவிஸ் அரசின் நில அளவை அலுவலகமான சுவிஸ்டோப்போவின் இணைய வரைபடத்தைத் திறந்து, பழைய வரைபடங்களுக்குப் போங்கள். 1870க்குப் பிறகு வந்த சீக்ஃபிரீட் வரைபடத்தில் ஆற்றிலிருந்து பிரிந்து போகும் மெல்லிய நீலக் கோடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். லேசர் அளவையில் எடுத்த நிலமேடு படமும் அங்கேயே இருக்கிறது. மரமும் புல்லும் நீங்கிய வெறும் தரையை அதில் பார்க்கலாம்.

சரி, இப்போது வயலுக்கு வருவோம். தேட வேண்டியது மேட்டில் ஓடும் பள்ளம். வடிகால் என்றால் நிலத்தின் தாழ்ந்த இடத்தில் இருக்கும், பாசன வாய்க்கால் உயர்ந்த இடத்தில் இருக்கும். பக்கத்தில் நின்று பாருங்கள்: வாய்க்காலின் இரு கரையும் சற்று உப்பி, அங்கிருந்து வெளிப்பக்கம் மெதுவாகச் சரியும். அது யாரும் மண் போட்டுக் கட்டிய வரப்பாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் கரை தாண்டியதும் வேகம் குறையும், பாரமான சேறு அங்கேயே படியும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரை உயர்ந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தடயம் இதுதான். வாய்க்கால் தூர்ந்துபோனாலும் இந்த மேடு அவ்வளவு சீக்கிரம் போகாது.

அப்புறம் வாய்க்காலின் அகலத்தைக் கவனித்தபடி கீழ்ப்பக்கம் நடங்கள். போகப் போக ஒடுங்கினால் பாசனம்தான், வழியெல்லாம் தண்ணீரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. கடைசிவரை ஒரே அகலமாக ஓடி ஒரு பழைய கட்டடத்தில் முடிந்தால், பெரும்பாலும் ஆலைக்குப் போன வாய்க்கால். பழைய உழவு மேடுகளும் ஆளை ஏமாற்றும். ஆனால் அவற்றின் முதுகில் வாய்க்கால் ஓடாது.

வாய்க்கால் பிரியும் இடங்களில் இரு பக்கமும் கல்லோ கொங்கிரீட்டோ நிற்கிறதா என்று பாருங்கள். உள்பக்கத்தில் பாசி மூடியிருந்தால் விரலால் தடவுங்கள், மேலிருந்து கீழாக நேரான ஒரு தவாளிப்பு தட்டுப்படலாம். பலகை இறக்கிய இடம் அது. பலகையை இறக்கினால் தண்ணீர் ஏறிக் கரை வழியும், தூக்கினால் அடுத்த மடைக்குப் போகும். மரமே வைத்துக் கட்டியிருந்தால் பெரும்பாலும் உக்கிப்போயிருக்கும். திறந்த புல்வெளியில் மரங்கள் வளைந்து வளைந்து வரிசையாக நின்றால், அந்த வரிசையைப் பின்தொடருங்கள். வாய்க்கால் ஓரம் வளர்ந்தவையாக இருக்கலாம்.

நிறைய அழிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் உணவுக்காகப் புல்வெளிகளை உழுதார்கள், பிறகு செயற்கை உரம் வந்தது. மிச்சத்தைக் காப்பாற்ற 1992இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அதனால் சில இடங்களில் இன்றைக்கும் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். பாய்கிற நீரில் ஒரு பகுதி கீழே இறங்கி நிலத்தடி நீரைச் சேர்கிறது. 2023 டிசம்பரில் சுவிசையும் சேர்த்து ஏழு ஐரோப்பிய நாடுகளின் மரபுப் பாசன முறையை யுனெஸ்கோ தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வேலை செய்கிற வாய்க்கால் ஒன்றை முதலில் பார்த்துவிட்டுத் தூர்ந்ததைத் தேடுவதே என் சிபாரிசு, கண் பழகிவிடும்.

ஒன்று மட்டும்: ஏப்ரலுக்குப் பிறகு புல்லுக்குள் இறங்காதீர்கள், அது மாட்டுத் தீவனம். பாதையில் நின்று பாருங்கள். கமக்காரரைக் கண்டால், "இங்கே பழைய பாசனம் இருந்ததா?" என்று பொதுவாகக் கேட்பதை விட, "உங்கள் அப்பா காலத்தில் பலகை எங்கே போட்டார்கள்?" என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டிவிடுவார்.