கொண்டையில் பழி போடாதீர்கள்: நெற்றியோரத் தழும்பு முடியுதிர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோல் கிளினிக்குக்குப் புதிதாக வரும் இளம் டொக்டர்கள் ஆண்டுதோறும் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நெற்றியோரம் வழவழப்பாகி, மயிர்க்கால் வாய் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தால் உள்ளே தழும்பு விழுந்துவிட்டது, அங்கே முடி திரும்பாது. இது எல்லோருக்கும் தெரியும். தலையைத் தொட்டுப் பார்க்காமலே மருந்து எழுதுவது போன்ற சில்லறைப் பிழைகளையும் இங்கே விட்டுவிடலாம்.

கொண்டையில் பழி போடுவது

திருகோணமலையில் இறுக்கிக் கட்டாத தலை எது? பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இரட்டைப் பின்னல், நடனம் பழகுகிறவளுக்குச் சவுரி, கந்தோருக்குப் போகிறவருக்கு ஊசி குத்திய கொண்டை, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் முக்காட்டுக்குள் இழுத்துப் போட்ட முடிச்சு. "இறுக்கிக் கட்டுறனீங்களோ?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். எல்லோரிடமும் ஒரே பதிலை வாங்கும் கேள்வியால் எந்த நோயையும் பிரித்தறிய முடியாது. ஆனாலும் அந்த "ஓம்" காதில் விழுந்ததுமே நோயின் பெயர் அட்டையில் ஏறிவிடுகிறது.

வழமையாக நடப்பது இதுதான். மாதவிடாய் நின்று சில வருடமான ஒரு பெண், நெற்றி அகலமாகிக்கொண்டு போகிறது என்று உப்புவெளியிலிருந்து வருகிறார். "கொண்டையைத் தளர்த்திக் கட்டுங்கோ அம்மா, முடி வளர இந்த மினொக்சிடிலைப் பூசுங்கோ" என்று அனுப்பிவிடுகிறார்கள். அவரும் சொன்னபடி செய்கிறார். இரண்டு வருடம் கழித்து முடி இன்னும் இரண்டு விரற்கடை மேலே ஏறியிருக்கிறது. மினொக்சிடில் அவருக்குக் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை. அழற்சியை அடக்கியிருக்க வேண்டிய காலம்தான் வீணாய்ப் போனது. புருவம் முதல் நாளே மெலிந்துதான் இருந்தது. மைப்பென்சில் அதை மறைத்திருந்தது, அழித்துவிட்டு வரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவருக்கு வந்திருப்பது முன்நெற்றி நார்த்தழும்பு உதிர்வு, அழற்சி மயிர்க்கால்களை அழித்துத் தழும்பாக்கும் நோய். 1994இல் அவுஸ்திரேலியாவில் கொசார்ட் என்ற தோல் மருத்துவர் இதை முதலில் விவரித்தபோது, அவர் காட்டிய 6 பேரும் மாதவிடாய் நின்ற பெண்கள். அதனால் இளம் பெண்களுக்கு வராது என்று நினைத்துவிடக்கூடாது. அவர்களுக்கும் வரும். ஆண்களுக்கும் வரும், கிருதாவும் தாடியும் சேர்ந்து உதிரும்.

பின்னல் இழுத்ததால் போன இடத்தில், ஓரத்தில் மெல்லிய குட்டை முடிகள் ஒரு வரிசையாக மிஞ்சியிருக்கும். இழுவை அதிகமுள்ள நெற்றிப் பொட்டுப் பக்கம்தான் முதலில் வெளிக்கும், புருவம் அப்படியே இருக்கும். நார்த்தழும்பு நோயில் அந்தப் பூனைமுடிதான் முதலில் போகிறது. ஓரம் பட்டையாகப் பின்வாங்கி, வெறுந்தோலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடித்த முடி தனித்து நிற்கும். முன்னங்கை முடியும் உதிரலாம். நம் நிறத்தில் மயிர்க்காலைச் சுற்றிய சிவப்பு எளிதில் தெரியாது. தோலைப் பெருக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பில் முடியின் அடியைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் செதிலைத் தேடுங்கள்.

பழைய ஓரம் எது என்று தெரியாவிட்டால் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். சுருக்கம் விழுகிற இடம் நெற்றி. அதற்கு மேலே சுருங்காமல் கிடக்கும் தோலில் முன்பு முடி இருந்தது. இரு புருவங்களின் நடுவிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை சென்ரிமீற்றரில் அளந்து, படமும் எடுத்து வையுங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த வருகையில் "கூடியிருக்கா, நிண்டிட்டுதா" என்று பேசிப் பயனில்லை.

இழுவையும் காலம் கடந்தால் தழும்பாகும் என்பது உண்மை. இரண்டும் ஒரே தலையில் இருப்பதும் உண்டு. அதற்காகவும்தான் கண்ணால் பார்க்கச் சொல்வது.

கன்னத்துக் கருமைக்குத் தனி மருந்து

நெற்றியிலும் கன்னத்திலும் சாம்பல் படிந்த கருமை இருந்தால் அதை மங்கு என்று ஒதுக்கி, வெளுக்கிற கிறீம் கொடுத்துவிடுகிறார்கள். கருமையான தோலில், நிறமேறிய லைக்கன் பிளேனஸ் என்ற தோல் அழற்சி இந்த முடி நோயோடு சேர்ந்து வரலாம். சில வேளை அதுதான் முதல் அடையாளம்.

காதைப் பார்க்காமல் விடுவது

ஓரத்தில் கருமை, நடுவில் வெளுப்பு, ஒட்டிய செதில், அடைபட்ட மயிர்க்கால்: தழும்பு விழுத்தும் இன்னொரு தோல் நோயான டிஸ்கொயிட் லூபஸாக இருக்கலாம். காதுமடலின் குழியிலும் அதே தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடலிலும் வயலிலும் வெயிலில் நிற்பவர்களுக்கு இது கூடும். சிறுநீரும் ஏ.என்.ஏ. இரத்தப் பரிசோதனையும் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

வழவழப்பின் நடுவில் பயாப்சி

நோய் எரிந்து முடிந்த இடத்தில் பயாப்சிக்குத் தோலை வெட்டினால் "தழும்பு" என்று மட்டும் அறிக்கை வரும். செதிலும் முடியும் இருக்கும் ஓரத்தில், 4 மி.மீ. பஞ்ச் (punch) கருவியால், முடி சாயும் திசையிலேயே எடுங்கள். முடிந்தால் இரண்டு எடுத்து, ஒன்றைக் குறுக்குவெட்டுக்குக் கேளுங்கள்.

ஊசியை நீர்க்காமல் போடுவது

அழற்சியை அடக்கப் போடும் ஸ்டீரொயிட் ஊசியான ட்ரையம்சினலோன் 40 மி.கி./மி.லீ. குப்பியாக வரும். நெற்றியோரத்துக்கு 2.5 மி.கி./மி.லீ. போதும், அதாவது ஒரு பங்குக்குப் பதினைந்து பங்கு சேலைன். கூடினால் நெற்றியில் குழி விழும்.

எல்லோருக்கும் 400 மி.கி.

அழற்சியை அடக்கக் கொடுக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் குளிசை நாளுக்குக் கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டக்கூடாது. 45 கிலோப் பெண்ணுக்கு 200 மி.கி. குளிசை ஒன்றுதான். கண் பரிசோதனையும் வேண்டும்.

டியூட்டஸ்டரைட்

ஆண் ஹோர்மோனைத் தடுக்கும் இந்தக் குளிசை, பிள்ளை பெறும் வாய்ப்புள்ளவருக்கு, கருத்தடை உறுதியாகாமல், கூடாது.

முடி நடுகை

நோய் அடங்கி இரண்டு வருடமாவது ஆகாமல் பேச்சே வேண்டாம். அதற்குப் பிறகும் நட்டது நிலைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், நோய் திரும்பினால் நட்ட முடியும் போகும்.