வீல்சேரிலிருந்து நீச்சல் குளத்துக்கு: நம் கையாலேயே இறங்கி ஏற

வீல்சேரில் இருப்பவர்களுக்கென்று லிஃப்ட் நாற்காலி பொருத்திய நீச்சல் குளம் தமிழ்நாட்டில் அபூர்வம். சரிவாக இறங்கும் குளமும் அப்படித்தான். அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஓட்டலிலும் பெரும்பாலும் இருப்பது சுவரோடு ஒட்டிய ஒரு ஸ்டீல் ஏணி. கொடுத்து வைத்திருந்தால் ஒரு மூலையில் அகலமான படிகள். வசதி வரும்வரை காத்திருக்கலாம் என்று நினைக்காதீர்கள். கைகளில் பலம் இருந்தால் நாற்காலியிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து விளிம்புக்கு, விளிம்பிலிருந்து தண்ணீருக்கு என்று நீங்களே இறங்கிவிட முடியும்.

ஆனால் எதை முதலில் கற்றுக்கொள்வது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்: முதலில் ஏறுவது, பிறகுதான் இறங்குவது. இறங்கும்போது உடம்பின் எடையே வேலையைச் செய்துவிடும். திரும்பி வரும்போது கை சோர்ந்திருக்கும், டைல்ஸ் வழுக்கும், தண்ணீரிலிருந்து விளிம்புக்கு ஏறி, அங்கிருந்து இன்னும் ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும் சீட்டுக்கும் ஏற வேண்டும். அதனால்தான் முதல் பாடம் குளத்தில் இல்லை, வீட்டில்.

யாருக்கு இது பொருந்தும்

முதுகுத்தண்டுவடக் காயத்தாலோ போலியோவாலோ கால் செயலிழந்து, இரண்டு கைகளாலும் உடம்பைத் தூக்கி உட்கார முடிகிறவர்களுக்காக எழுதுகிறேன். கழுத்துப் பகுதியில் காயம் ஏற்பட்டு விரல் பிடிப்பும் குறைந்தவர்கள் இந்த முறையில் இறங்க வேண்டாம். அவர்களுக்கு லிஃப்டோ பயிற்சி பெற்ற இரண்டு பேரோ வேண்டும்.

டாக்டரிடம் முன்கூட்டியே பேச வேண்டியவை சில. படுக்கைப்புண்ணோ ஆறாத காயமோ இருந்தால் அது முழுதாக மூடும்வரை குளம் வேண்டாம். வலிப்பு வருகிறவர்கள், சிறுநீர்த் தொற்றோடு காய்ச்சல் இருப்பவர்கள் கேட்டுவிட்டே இறங்குங்கள். மார்பு முள்ளெலும்பில் ஆறாவதிலோ அதற்கு மேலோ காயம் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பையோ சிறுநீரை வடிக்கும் கதீட்டர் குழாய் மடங்குவதோ இறுக்கமான உடையோ கூட ரத்த அழுத்தத்தைச் சட்டென்று எகிற வைத்துவிடும். ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா என்பார்கள். மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே மட்டும் வியர்த்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். அப்படி வந்தால் உடனே வெளியே வந்து நிமிர்ந்து உட்காருங்கள், உடையைத் தளர்த்துங்கள், குழாயைப் பாருங்கள். குறையாவிட்டால் நேராக மருத்துவமனை. கூட வருகிறவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

வீட்டில்: தரையிலிருந்து நாற்காலிக்கு

பாயையோ யோகா மேட்டையோ தரையில் விரியுங்கள். நாற்காலியின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டு, முன்சக்கரங்கள் முன்பக்கமாக நீண்டிருக்கும்படி திருப்பி வையுங்கள். அப்படி இருந்தால் முன்னால் எடை விழும்போது நாற்காலி கவிழாது.

நாற்காலியின் முன்பக்கத்துக்கு முதுகைக் காட்டிச் சற்றே பக்கவாட்டில் உட்காருங்கள். முழங்கால்களை மடக்கிச் செங்குத்தாக நிறுத்துங்கள். அவை விழுந்துகொண்டே இருந்தால் துணிப்பட்டையால் தளர்வாகச் சேர்த்துக் கட்டலாம். ஒரு கை சீட்டின் முன்விளிம்பில், மறு கை தரையில். இப்போது தலையை முழங்காலை நோக்கித் தாழ்த்திக்கொண்டே கைகளை அழுத்துங்கள். தலை கீழே போகும்போது இடுப்பு மேலே வரும். ரகசியம் அவ்வளவுதான். பலபேர் தலையை நிமிர்த்திக்கொண்டு தோள் பலத்தால் மட்டும் ஏறப் பார்க்கிறார்கள். பலம் இருந்தும் இடுப்பு எழும்பாமல் போவதற்கு அதுதான் காரணம்.

ஒரே மூச்சில் ஏற முடியவில்லையா? முக்கால் அடி உயரமுள்ள, ஆடாத ஒரு முக்காலியை நடுவில் போடுங்கள். தரையிலிருந்து முக்காலிக்கு, முக்காலியிலிருந்து சீட்டுக்கு. பாதி உயரமாகப் பிரிந்துவிடுவதால் பெரும்பாலானவர்களுக்கு இது கைவரும். முதல் சில நாட்கள் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கட்டும். உலர்ந்த தரையில் சுலபமாக வந்தபிறகு, நனைந்த உடையோடும் ஒருமுறை செய்து பாருங்கள். ஈரத்துணி எவ்வளவு ஒட்டி இழுக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

குளத்தைப் பார்க்கப் போங்கள்

நீந்தும் எண்ணம் இல்லாமல் ஒருமுறை போய் வாருங்கள். நான் முதலில் கவனிப்பது நீர்மட்டத்தை. சில குளங்களில் தண்ணீர் விளிம்போடு சமமாக நின்று சுற்றியுள்ள கால்வாயில் வழியும். அப்படிப்பட்ட குளம் கிடைத்தால் விடாதீர்கள். தண்ணீருக்குள் இருக்கும்வரை உடம்பின் பெரும்பகுதி எடையை நீரே தாங்கிக்கொள்ளும். மார்பும் இடுப்பும் வெளியே வரும்போதுதான் முழு எடையும் கைக்கு வருகிறது. தண்ணீர் விளிம்புக்கு ஓரடி கீழே இருந்தால், அந்த ஓரடியை வெறும் கைபலத்தில் கடக்க வேண்டும்.

அடுத்து, அகலப் படிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்: மேல்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பிட்டத்தைத் தூக்கி வைத்து இறங்கலாம், அதேபோல ஏறலாம். இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும். உணர்ச்சியில்லாத தோல் டைல்ஸில் உரசிக் கிழிந்தாலும் நமக்குத் தெரியாது.

மற்றபடி நான்கடி ஆழப் பகுதி எங்கே, கழிப்பறைக் கதவில் நாற்காலி நுழையுமா, குளத்தைச் சுற்றிய தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை வெயிலில் மதிய நேரத்து டைல்ஸ் சுடும். கால் மரத்தவர்களுக்குக் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். காலை பேட்ச் நல்லது, ஆனால் மார்கழி அதிகாலை வேண்டாம். குளிர்ந்த நீரில் தசைகள் இறுகி உதறும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில பம்புசெட் தொட்டிகளின் சுவர் வீல்சேர் சீட்டு உயரத்திலேயே இருக்கும். அமெரிக்காவின் 2010 அணுகல் விதிகள், குளத்தில் மாறி உட்காருவதற்கான சுவர் 16 முதல் 19 அங்குல உயரம் இருக்க வேண்டும் என்கின்றன. அந்த அளவு ஏறத்தாழ நாற்காலியின் சீட்டு உயரம். பாசி இல்லாமல் தேய்த்து, சுவர்மேல் ஒரு மேட் போட்டால், தரைக்கு இறங்காமலேயே நேராகச் சுவருக்கு மாறிவிடலாம்.

கொண்டு போக வேண்டியவை

தடிமனான ஃபோம் மேட் இரண்டு, முக்காலி, பாதத்தை மூடும் நீச்சல் காலுறை அல்லது மெல்லிய ரப்பர் ஷூ, இரண்டு துண்டு, குஷனை மூட ஒரு பிளாஸ்டிக் உறை. மலம் கழிக்கும் வழக்கத்தை முன்னாடியே முடித்துவிடுங்கள். இறங்குவதற்குச் சற்று முன் சிறுநீரை வடித்துவிடுங்கள்.

லைஃப்கார்டிடம் பேசுங்கள்

தனியாக இறங்குவது என்றால் ஆள் இல்லாத குளத்தில் இறங்குவது என்று அர்த்தமில்லை. லைஃப்கார்டு இல்லாத நேரத்தில் இறங்கவே வேண்டாம். ஆனால் நம் ஊரில் இன்னொரு சிக்கல்: நாற்காலியைப் பார்த்ததும் நாலு பேர் ஓடிவந்து அக்குளில் கைவிட்டுத் தூக்கப் பார்ப்பார்கள். பாசத்தால்தான் செய்கிறார்கள், ஆனால் தோள்பட்டை போய்விடும். அதனால் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள்: “அண்ணா, நானே இறங்கிக்கிறேன். நீங்க பக்கத்துல நின்னா போதும். கைய உயர்த்தினா மட்டும் வாங்க.” அப்புறம், அவசரத்துக்கு எப்படித் தூக்க வேண்டும் என்பதையும் காட்டிவிடுங்கள். ஒருவர் பின்னாலிருந்து மார்பைச் சுற்றி முன்கைகளைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே.

இறங்குதல்

1. குளத்தின் ஒரு மூலைக்கு அருகே, விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளி நாற்காலியை நிறுத்துங்கள். பிரேக் போடுங்கள். ஈரத்தில் பிரேக் போட்டும் சறுக்கினால் சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுங்கள்.

2. ஒரு மேட் நாற்காலிக்கு முன்னால், இன்னொன்று குளத்தின் விளிம்பை மூடியபடி. விளிம்பு மேட் நழுவாமல் இருக்க அடியில் நனைந்த துண்டு போடலாம்.

3. ஃபுட்ரெஸ்ட்டை விலக்கி, சீட்டின் நுனிக்கு வந்து, முக்காலிக்கு மாறி, அங்கிருந்து தரைக்கு. வீட்டில் ஏறியதன் தலைகீழ் வரிசை. பொத்தென்று விழாமல் மெதுவாக.

4. பிட்டத்தைத் தூக்கித் தூக்கி வைத்து விளிம்புக்கு நகர்ந்து, கால்களைக் கையால் எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். ஒரு நிமிடம் அப்படியே உட்காருங்கள். கால் உதறினால் அடங்கட்டும். இந்த நேரத்தில் முன்பக்கம் சாயாமல் ஒரு கையைப் பின்னால் ஊன்றியிருக்க வேண்டும்.

5. இரண்டு கைகளையும் ஒரே பக்கம் கொண்டுவந்து விளிம்பில் ஊன்றுங்கள். உடம்பைத் திருப்பி, மார்பு சுவரைப் பார்க்கும்படி, கைகளை மடக்கி மெதுவாக வழுக்கி இறங்குங்கள். விளிம்பை விட வேண்டாம். வயிற்றில் துளையிட்டுக் கதீட்டர் வைத்திருப்பவர்கள் வயிற்றைச் சுவரில் தேய்க்காமல் சற்றுத் தள்ளியே இறங்க வேண்டும்.

குதிப்பதும் தலைகீழாகப் பாய்வதும் எந்த நாளும் வேண்டாம்.

முதல் நிமிடங்கள்

இறங்கியதும் கால்கள் நம் பேச்சைக் கேட்காது. சிலருக்கு மிதந்து மேலே வரும், சிலருக்கு மடங்கிக்கொள்ளும். ஒரு கை விளிம்பில் இருக்க, உடம்பு எப்படி நிற்க விரும்புகிறது என்று கவனியுங்கள். பிறகு ஒரே ஒரு பயிற்சி: குப்புறக் கிடந்தால் மல்லாந்து திரும்புவது. தலையை ஒரு பக்கம் திருப்பி, எதிர்ப்பக்கக் கையை உடம்புக்குக் குறுக்கே வீசினால் உடம்பு பின்தொடர்ந்து உருளும். லண்டனில் ஹாலிவிக் பள்ளி மாணவிகளுக்காக ஜேம்ஸ் மெக்மில்லன் என்ற பொறியாளர் 1949-இல் தொடங்கிய முறையில் இந்த உருளலுக்கு முக்கிய இடம் உண்டு. மிதவை எதையும் கட்டாமலேயே அதில் கற்றுத்தருவார்கள். இது கைவரும்வரை பயிற்றுநர் தண்ணீருக்குள் கூடவே இருக்கட்டும், விளிம்பைத் தாண்டிப் போகாதீர்கள்.

அதற்குமேல் எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டால், முரளிகாந்த் பேட்கரைச் சொல்வேன். 1965 போரில் குண்டடிபட்டுக் கால் செயலிழந்த ராணுவ வீரர். சிகிச்சைக்காக நீந்தத் தொடங்கி, 1972-இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது.

ஏறுதல்

கை சோர்வதற்கு முன்பே கிளம்புங்கள். இன்னும் ஒரு சுற்று நீந்தலாம் என்று தோன்றும்போதே ஏறுவதுதான் சரியான நேரம்.

மூலைக்கு வந்து, முதுகை மூலைக்குக் காட்டுங்கள். இரண்டு பக்க விளிம்புகளிலும் ஒவ்வொரு கை. மேட் மூலையை மூடியிருக்கட்டும். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, தோள் நனையும்வரை ஒருமுறை தாழ்ந்து, தண்ணீர் உங்களை மேலே தள்ளும் அந்தக் கணத்திலேயே கைகளை அழுத்துங்கள். தண்ணீரின் தள்ளலும் கையின் தள்ளலும் ஒன்றாக நடக்க வேண்டும். முழங்கை நிமிர்ந்ததும் இடுப்பைப் பின்னால் தள்ளி உட்காருங்கள்.

இதற்குக் கைபலம் போதாவிட்டால் சுவரைப் பார்த்தபடி ஏறலாம். மார்பை மேட்டின்மேல் ஏற்றி, முழங்கையால் ஊர்ந்து, இடுப்பு விளிம்பைத் தாண்டியதும் உருண்டு, கால்களைக் கையால் எடுத்துவையுங்கள். வயிற்றுக் கதீட்டர் இருப்பவர்களுக்கு இந்த வழி ஆகாது. மூன்றுமுறை முயன்றும் முடியவில்லை என்றால் கையை உயர்த்துங்கள். லைஃப்கார்டுக்குச் சொல்லிக் கொடுத்தது அதற்குத்தான்.

விளிம்பில் ஐந்து நிமிடம் ஓய்வு. கையையும் முக்காலியையும் துடைத்துக்கொண்டு, வீட்டில் பழகியதுபோலவே நாற்காலிக்கு.

வீட்டுக்கு வந்ததும்

குளோரின் போக நல்ல தண்ணீரில் குளித்து, ஈர உடையை உடனே மாற்றுங்கள். கண்ணாடி வைத்துப் பிட்டம், குதிகால், கால்விரல்கள், முழங்கால் எல்லாவற்றையும் பாருங்கள். நாற்காலியின் முன்சக்கர பேரிங்கைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். தோலில் எங்காவது சிவந்திருந்து அரைமணி நேரத்தில் மறையவில்லை என்றால், அந்த இடத்தில் எடை படாமல் படுத்திருங்கள். அது முழுக்க மறைந்த பிறகே அடுத்த நீச்சல்.